நானூற்றிருபது கிராம்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு முடித்து, "சரி, அடுத்தது" என்று சொல்லிவிட்டு அதே கணக்கை மறுபடியும் போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேனாம். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து நின்று, "மிஸ், அது முடிஞ்சிருச்சு மிஸ்" என்றாள். நான் அவளைப் பார்த்து, "எது முடிஞ்சிருச்சு?" என்று கேட்டேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே மேசையில் சாக்பீஸைத் தேடியதாகவும் பிறகு சொன்னார்கள். எனக்கு எதுவும் நினைவில்லை. நினைவு திரும்பியபோது மதுரையில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன். பக்கத்தில் என் மாமியார் உட்கார்ந்து துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கோட்டைப்பட்டினத்தில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். இரண்டு வருடமாகக் கல்லீரல் கெட்டுக்கொண்டு வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி வழி தவறி, சொந்தக் கல்லீரலையே அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிற நோய் என்றார்கள். மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றில் தண்ணீர் சேர்ந்தது, வடித்தார்கள். ஒரு முறை ரத்த வாந்தி வந்தது, குழாய் விட்டுக் கட்டுப்போட்டார்கள். இப்போது கழிவு மூளைக்கு ஏறிவிட்டது. மாற்றுக் கல்லீரல் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த மருத்துவமனையில் லிஃப்டில் ஏறினாலும் கேன்டீனில் நின்றாலும் யாராவது ஒருவர் மாமியிடம் கேட்பார்: "மகனுக்குக் குடிப்பழக்கமா?" ஆம்பிளை நோயாளி உள்ளே இருக்கிறார், நாங்கள் பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். மாமி முதல் இரண்டு நாள் விளக்கம் சொன்னார். மூன்றாம் நாள், "என் மருமகளுக்கு. அவ டீ கூடக் குடிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

என் கணவர் அப்போது குவைத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். போனில் நான் விஷயத்தைச் சொன்னேன். பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"யார் குடுக்கலாமாம்?" என்றார்.

"குடும்பத்துல யாராச்சும். எங்க அண்ணனுக்குச் சர்க்கரை, ஆகாதுன்னுட்டாங்க. பிள்ளைகளுக்கு வயசு பத்தாது. பதினெட்டு ஆகணும்."

"எனக்கு ஓ பாசிட்டிவ். ஒனக்கு பி. ஆகுமா ஆகாதா?"

"ஆகும்னுதான் சொல்றாங்க மச்சான்."

"அப்ப வாரேன்."

ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தார். எப்போதும் கொண்டு வரும் பெரிய பெட்டிகள் இல்லாமல், தோள்பையோடு நேராக மதுரைக்கே வந்துவிட்டார்.

எங்களுக்கு வாய்த்த அறுவை டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர். எதைச் சொன்னாலும் ஒரு தாளில் படம் போட்டுத்தான் சொல்லுவார். முதல் நாளே நான் கேட்டேன்: "எனக்கு என்ன ஆகும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா சார்? நான் கணக்கு டீச்சர். எண்ணாச் சொன்னாலும் பயப்பட மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. என் ரத்தப் பரிசோதனையில் நான்கு அளவுகளை வட்டமிட்டார். மஞ்சள் காமாலை அளவு, ரத்தம் உறைகிற அளவு, சிறுநீரகத்தின் அளவு, உப்பு. "இந்த நாலையும் வச்சு ஒரு மார்க் போடுவோம்மா. ஆபரேஷன் பண்ணலேன்னா அடுத்த மூணு மாசத்துல என்ன ஆகும்னு அது ஓரளவு சரியாச் சொல்லும். பண்ணினதுக்கப்புறம் என்ன ஆகும்னு கேட்டா, அந்த மார்க் அவ்வளவாச் சொல்லாது."

"பின்ன எது சொல்லும்?"

"உங்களுக்கு வைக்கிற கல்லீரல் உங்க உடம்புக்குப் போதுமான அளவா, அதுல கொழுப்பு இருக்கா, உங்க உடம்புல சதை எவ்வளவு மிச்சம் இருக்கு, ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்கிறீங்க, கிருமி எதுவும் இருக்கா. இதெல்லாம் சேர்த்துப் பாத்து ஒரு கணிப்புச் சொல்லலாம். அப்பவும் அது உங்களை மாதிரி நூறு பேரைப் பத்தின கணிப்பு. அந்த நூறுல நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

நிகழ்தகவுப் பாடம் நடத்தும்போது இதையேதான் பிள்ளைகளிடம் நானும் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னதைவிட அவர் நன்றாகச் சொன்னார். அவர்மேல் எனக்கு அன்றைக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

கணவருக்கு எல்லாப் பரிசோதனையும் நடந்தது. ஒரு சோதனை எனக்குப் புதிதாக இருந்தது. கணவர் மனைவிக்குக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார்களாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, பிள்ளை வழியாகக் கணவருடைய அடையாளத்தைத் தாயின் ரத்தம் பார்த்துவிடும். சிலருக்கு அந்த அடையாளத்தை எதிரி என்று குறித்து வைத்துக்கொண்டு, பின்னால் அவருடைய உறுப்பு உள்ளே வந்தால் சண்டைக்கு நிற்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவன் ஐந்து.

முடிவு வர சில நாள் ஆனது. அதுவரை என் கணவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். "ஒன் ரத்தம் என்னைய எதிரியா வச்சிருக்குமோ?" என்று கேட்டார்.

"நீங்க ஊர்ல இருந்தாத்தான மச்சான் சண்டை வர்றதுக்கு. வருஷத்துல ஒரு மாசம் வந்துட்டுப் போற மனுஷன்கிட்ட என்னத்தச் சண்டை போடுறது" என்றேன்.

எதிர்ப்பு எதுவும் இல்லை என்றுதான் முடிவு வந்தது. அவர் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆனால் ஸ்கேன் இரண்டு சிக்கலைக் காட்டியது. முதலாவது, அவர் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. எண்பத்தாறு கிலோ இருந்தார். அறை நண்பர்களோடு வேலை முடிந்து அகாலத்தில் உட்கார்ந்து தின்ற சோறும் குப்பூஸ் ரொட்டியும் உள்ளே இருக்கிறது என்றார் டாக்டர். ஒன்பது கிலோ குறைக்க வேண்டும். இரண்டாவது சிக்கலுக்கு டாக்டர் படம் போட்டார். வழக்கமாகப் பெரியவர்களுக்குக் கல்லீரலின் வலது பாகத்தை எடுத்து வைப்பார்கள். இவருக்கு வலது பாகம் வழக்கத்தைவிடப் பெரிது. அதை எடுத்தால் இவருக்கு மிஞ்சுவது போதாது. ஆகவே இடது பாகம்தான். அது சுமார் நானூற்றிருபது கிராம் வரும். வயிற்றில் சேர்ந்த தண்ணீரைக் கழித்தால் என் எடை ஐம்பத்து நாலு கிலோ. கல்லீரலின் எடை என் எடையில் நூற்றுக்கு 0.8 பங்காவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். நான் தாளைத் திருப்பி அங்கேயே வகுத்துப் பார்த்தேன். 0.78-க்குக் கொஞ்சம் உள்ளே நின்றது.

"கொஞ்சம்தான் கம்மி. இதைச் செய்யலாம், செஞ்சிருக்கோம்" என்றார் டாக்டர். "சின்னக் கல்லீரலுக்குள்ள ரத்தம் வேகமா வந்து மோதும். மண்ணீரலுக்குப் போற குழாயைக் கட்டி அந்த வேகத்தைக் குறைப்போம்."

என் கணவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சார், வலதையே எடுத்துக்கங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கீங்கல்ல, அதனாலதான் எடுக்க மாட்டேன். இந்த ரூம்ல நோய் இல்லாம வந்தவர் நீங்க ஒருத்தர்தான். வந்த மாதிரியே திருப்பி அனுப்பணும்."

மாமியும் எங்களோடு இருந்தார். அவர், "டாக்டர், எம்மவன் பழையபடி வேலைக்குப் போவானா?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் போகலாம் என்றார் டாக்டர். மாமி தலையாட்டினார். வெளியே வந்து வராந்தாவில் நடக்கும்போது என் கையைப் பிடித்தார்.

"நான் கேட்டதுல ஒனக்கு வருத்தமா?"

"இல்ல மாமி."

"பெத்தவ நான் கேக்கலேன்னா வேற யாரு கேக்கிறது. அவன் கேக்க மாட்டான்."

"நானும் அதைத்தான் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

அது உண்மைதான். மாமி அதன் பிறகு என் கையை விடாமல் ஆட்டோ வரைக்கும் வந்தார்.

அடுத்த பதினோரு வாரம் எங்கள் வீட்டில் ஒரு விசித்திரமான சமையல் நடந்தது. கணவர் குறைத்துச் சாப்பிட வேண்டும். நான் கூட்டிச் சாப்பிட வேண்டும், அதுவும் உப்பில்லாமல். எனக்கு உலையேற்றித் தூக்கி வைக்கச் சக்தி இல்லை. மாமிக்கு உப்பில்லாமல் சமைக்கக் கை வராது. மூன்றாம் நாள் கணவர் அடுப்படிக்குள் போனார். அவர் சமைப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். குவைத்தில் எட்டுப் பேர் இருந்த அறையில் வாரத்துக்கு இரண்டு நாள் இவர் முறையாம். மீன்பிடித் துறையில், ஜெட்டியில் படகு வந்ததும் போய் சங்கரா மீனோ பாறை மீனோ வாங்கி வருவார். எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி, வறுத்துப் பொடித்த சீரகம் போட்டு ஆக்குவார். உப்பு இல்லை என்பதே நாக்குக்குத் தெரியாது. வேகவைத்த முட்டையில் வெள்ளையை மட்டும் எடுத்துத் தட்டில் அடுக்கி வைப்பார். பாசிப்பயற்றைக் கடைந்து வைப்பார். தான் மட்டும் ஒரு கிண்ணம் கேப்பைக் கூழோடு எழுந்துவிடுவார்.

விடிந்ததும் நடை. அவர் கடற்கரைச் சாலையில் வேகமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து, பிறகு என்னை அழைத்துக்கொண்டு மெதுவாக நடப்பார். புருசனும் பொண்டாட்டியும் காலங்காத்தால சேர்ந்து நடப்பது எங்கள் தெருவுக்குப் புதுசு. முதல் வாரம் கதவு திறந்து பார்த்தார்கள். பிறகு "இன்னைக்குக் கொஞ்சம் வெள்ளனப் போறீங்க போல" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். பதினாறு வருடத்தில் நாங்கள் பேசாத பேச்சையெல்லாம் அந்த நடையில் பேசினோம் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு மூச்சு வாங்கும், பேச மாட்டேன். அவர்தான் கிடங்கைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார். எந்த மீனை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன்.

அந்த 0.78 என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மேலே இருக்கிற நானூற்றிருபதைக் கூட்ட முடியாது. கீழே இருக்கிற ஐம்பத்து நாலைக் குறைக்கலாம். நான் ஐம்பத்திரண்டு கிலோ ஆகிவிட்டால் விகிதம் 0.8-ஐத் தாண்டிவிடும். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் முட்டை வெள்ளையைச் சின்னவன் தட்டில் தள்ளிவிடுவேன். மீனில் பாதி பூனைக்குப் போகும். பயற்றை மூடி வைத்து, பிறகு சாப்பிடுகிறேன் என்பேன்.

மூன்று வாரம் கழித்து மதுரைக்குப் போனோம். அவர் ஐந்து கிலோ குறைந்திருந்தார். டாக்டர் அவரைத் தட்டிக்கொடுத்தார். என்னை எடை பார்த்தார்கள். ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பிறகு வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்க விட்டார்கள். முதல் தடவை நடந்த தூரத்தில் முக்கால்வாசிதான் நடக்க முடிந்தது. பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எடையும் குறைஞ்சிருக்கு, நடையும் குறைஞ்சிருக்கு. வீட்ல என்னம்மா நடக்குது?"

நான் கணக்கை விளக்கினேன். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை.

டாக்டர் முழுவதும் கேட்டார். "வகுத்தது சரி. ஆனா நீங்க குறைச்சது எதைன்னு நெனைக்கிறீங்க? தொடையில இருந்த சதையை. ஆபரேஷன் முடிஞ்சு எந்திரிச்சு நடக்க, இருமிச் சளியைத் துப்ப, கிருமியை எதிர்த்து நிக்க, எல்லாத்துக்கும் அந்தச் சதைதான் வேணும். 0.78-ஐ நான் ஆபரேஷன்ல பாத்துக்குவேன். உங்க சதையை எங்கிருந்து கொண்டாருவேன்?"

எனக்கு முகம் எரிந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டிருந்தால், ஒரு மாறியை மட்டும் பார்க்காதே, அது மாறும்போது வேறு எது மாறுகிறது என்று பார் என்று சொல்லியிருப்பேன்.

காரில் திரும்பும்போது கணவர் காரைக்குடி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரைத் தாண்டியதும் மெல்லக் கேட்டார்: "நான் ஆக்கினது நல்லா இல்லையோ?"

"நல்லாத்தான் இருந்துச்சு மச்சான். சத்தியமா. சாப்பிடாம இருக்கத்தான் கஷ்டமா இருந்துச்சு."

"அப்ப சாப்பிடு."

அதற்குப் பிறகு நான் தட்டைக் காலி செய்யும்வரை அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். பதினோரு வாரம் முடிந்தபோது அவர் எழுபத்தேழு. நான் இழந்த நடையை மீட்டு, அதற்கு மேலும் கொஞ்ச தூரம் நடந்தேன்.

கடைசியாக ஒரு விசாரணை இருந்தது. கொடுப்பவர் மனமொப்பித்தான் கொடுக்கிறாரா, இவர்கள் உண்மையிலேயே கணவன் மனைவிதானா என்று பார்க்க வேண்டும் என்பது சட்டம். வீடியோ எடுத்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். நிக்காஹ் பதிவு, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தோம். அதிகாரி எங்களைத் தனித்தனியாக அழைத்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு என்னம்மா?"

"ஆட்டுக்கறி பிரியாணி சார்."

அதிகாரி தாளைப் பார்த்தார். பிறகு அவரையும் உள்ளே கூப்பிட்டார். "இவர் தயிர்ச்சோறும் சுட்ட கருவாடும்னு சொல்றார்."

நான் திகைத்துப் போனேன். லீவுக்கு வரும்போதெல்லாம் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை விருந்துதான். பிரியாணி வைப்போம், ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். இந்தப் பதினோரு வாரமோ டாக்டர் கொடுத்த பட்டியல்படிச் சாப்பிட்டார். அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டுப் பார்க்க எனக்கு நேரமே வாய்க்கவில்லை.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"பதினாறு."

"சேர்ந்து இருந்தது?"

மனசுக்குள் கூட்டினேன். "எல்லா லீவையும் சேத்தா ரெண்டு வருஷம் வராது சார்."

அதிகாரி என் கணவர் பக்கம் திரும்பினார். அதிகாரியின் முகத்தில் சந்தேகம் இருந்தது. அவருடைய வேலை அது. "இவ்வளவு கம்மியாச் சேர்ந்து இருந்துட்டு, எதுக்காகக் குடுக்கிறீங்க? யாராச்சும் கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்லீங்க."

"இவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் யோசிக்கவே இல்லை. காலை ஆறு மணிக்குக் குடிக்கிற மருந்திலிருந்து ஆரம்பித்தார். எந்த மாத்திரை வெறும் வயிற்றில், எது சாப்பிட்ட பிறகு, எது எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து குடித்தால் வாய் கசக்கும், கசப்பு போக நான் என்ன மெல்லுவேன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை எனக்கு வெளிக்குப் போக வேண்டும், இரண்டே தடவை போனால் என் பேச்சு எப்படிக் குழறும், எந்தக் கால் முதலில் வீங்கும். வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். வீடியோ எடுத்த பையன் கூடக் கேமராவை விட்டுவிட்டு நேரே அவரைப் பார்த்தான்.

"போதுங்க" என்றார் அதிகாரி. கையெழுத்துப் போட்டுவிட்டு, "திரும்பிப் போனதும் ஒரு நாள் கருவாடு சுட்டுக் குடுங்கம்மா" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் டாக்டர் வந்தார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு கணிப்பு வைத்திருப்பதாகச் சொன்னார். எண்ணைக் கேட்டேன், சொன்னார். அந்த எண்ணை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட. நல்ல எண்தான். ஆனால் இன்னொருவருக்கு அது பொருந்தாது.

அதைவிட எனக்கு உதவியது அவர் அடுத்துச் சொன்னது. "முதல் வாரம் நல்லாப் போகும். ரெண்டாவது வாரம் மஞ்சள் ஏறும், வயித்துல வச்ச குழாய் வழியா நிறையத் தண்ணி வரும். சின்னக் கல்லீரல் அப்படித்தான் திணறும். பயந்துராதீங்க. ரெண்டாவது வாரம் முடியறதுக்குள்ள இறங்க ஆரம்பிச்சிரும்னு எதிர்பாக்கிறேன். அது வளர்ந்துக்கிட்டே இருக்கும், அதுக்கு நாள் குடுக்கணும்." நான் அதை அப்படியே ஒரு தாளில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவரை முதலில் கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடியே என் அறை வாசலில் நிறுத்தச் சொல்லி, "போயிட்டு வாரேன்" என்றார். விமானநிலையத்துக்குக் கிளம்பும்போது சொல்கிற அதே குரலில் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து என்னையும் கொண்டுபோனார்கள்.

முதல் வாரம் டாக்டர் சொன்னபடியே போனது. தலை தெளிந்திருந்தது. அது எனக்குப் பெரிய விஷயம். பதினேழாம் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. மூன்றாம் நாள் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஐந்தாம் நாள் நர்ஸைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தேன். கணவர் எட்டாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி, மாமியோடு பக்கத்தில் எடுத்திருந்த அறைக்குப் போனார்.

இரண்டாவது வாரம் மஞ்சள் ஏறியது. நாலு இருந்தது ஆறு, ஏழரை, ஒன்பது என்று போனது. குழாயில் தண்ணீர் பை பையாக வந்தது. தினமும் இரண்டு தடவை ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து ரத்த ஓட்டம் பார்த்தார்கள். ஓட்டம் சரியாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் மதியம் கணவர் பார்க்க வந்தார். வயிற்றில் ஒரு சின்னத் தலையணையை அமுக்கிப் பிடித்தபடி, குனிந்து குனிந்து நடந்து வந்தார். நர்ஸ் மாட்டிவிட்ட நீல அங்கி அவருக்குக் குட்டையாக இருந்தது. என் கண்ணைப் பார்த்தார். கண்ணின் மஞ்சளைத்தான் பார்க்கிறார் என்று புரிந்தது. வந்த நாளிலிருந்து எதற்கும் கலங்காத மனிதர், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பத்தலையா?" என்றார்.

"என்ன மச்சான்?"

"நான் குடுத்தது பத்தலையா? வலது பக்கத்தை எடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அந்த ஆளு கேக்கல. இன்னும் அஞ்சாறு வாரம் நடந்து நல்லாக் கொழுப்பைக் கரைச்சிருந்தா…"

அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவர் அத்தா இறந்தபோது அவரால் வர முடியவில்லை, போனில்தான் பேசினோம். அப்போது அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

எனக்குக் கையைத் தூக்க முடிந்தது. தலையணைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "படிங்க."

படித்தார்.

"ரெண்டாவது வாரம் மஞ்சள் ஏறும்னு சொன்னாரா? ஏறிருச்சு. தண்ணி வரும்னு சொன்னாரா? வருது. அப்ப எறங்கும்னு சொன்னதும் நடக்கும். இன்னைக்குப் பத்தாம் நாள்தான். அவர் குடுத்த நாள் இன்னும் முடியல."

ஒரு கணக்கு டீச்சர் சொல்லக் கூடாத வாதம் அது. முதல் இரண்டும் பலித்தது என்பதற்காக மூன்றாவதும் பலித்தாக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஆனால் நான் அதை வெறும் ஆறுதலுக்காகவும் சொல்லவில்லை. என் தலை தெளிவாக இருந்தது, பசித்தது, கால் தரையில் நின்றது. உள்ளே வந்தது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"பத்தும் மச்சான்," என்றேன். "நீங்க போய்ச் சாப்பிடுங்க. சாப்பிடாம வந்திருக்கீங்க, மொகத்துலயே தெரியுது."

பதினோராம் நாளும் ஒன்பதிலேயே நின்றது. பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்த நர்ஸ் என்னிடம் நீட்டிவிட்டு நின்றுகொண்டாள். எட்டரை. அடுத்த நாள் ஏழு. அதன் பிறகு இறங்கியது இறங்கியதுதான். முதலில் இறங்கிய அன்றே மாலையில் டாக்டர் வந்து தாளைப் பார்த்துவிட்டு, "நான் நெனச்சதைவிட ரெண்டு நாள் முந்தி" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. இருந்தால் என்ன, அவருக்கு அது தகும்.

இருபத்தாறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு ஒரு தடவை உடம்பு அந்தக் கல்லீரலை ஏற்க மறுத்துக் காய்ச்சல் வந்தது. திரும்பப் போய் மூன்று நாள் ஊசி போட்டதும் அடங்கியது. மூன்று மாதம் கழித்து இரண்டு பேருக்கும் ஸ்கேன் எடுத்தபோது இரண்டு கல்லீரலுமே வளர்ந்திருந்தன. என்னுடையது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்னுதா ஒன்னுதா?" என்று கேட்டார். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், "ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா அப்புறம் பிரிச்சுக் குடுக்கிறேன்" என்றார்.

சண்டை வரத்தான் செய்தது. அவர் குவைத்துக்குத் திரும்பவில்லை. ஊரில் ஜெட்டிப் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்டில் மேற்பார்வைக்குச் சேர்ந்துவிட்டார். குளிர்பதனம் தெரிந்த ஆளாயிற்றே, கூப்பிட்டே எடுத்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் நாள் முழுக்க ஒரு ஆணோடு இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. பொண்டாட்டி சொல்வதைக் கேட்டு நடப்பது எப்படி என்று அவருக்கும் தெரியாது. ஃபேனின் வேகத்துக்குச் சண்டை, துண்டைக் காயப்போடும் இடத்துக்குச் சண்டை. நான் மாத்திரை போட ஐந்து நிமிடம் தாமதித்தால் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவார். மாமி ஒரு நாள், "இவனைத் திரும்ப அனுப்பி விட்ருவமா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஏழாவது மாதம் பள்ளிக்கூடம் போனேன். கிருமி பயத்துக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் நின்று பாடம் நடத்தினேன். பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். இப்போது மூன்றரை வருடம் ஆகிவிட்டது. மாதாமாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தது போய், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறேன். வாழ்நாள் முழுக்க மாத்திரை உண்டு. அது ஒரு வேலை, பல் துலக்குவது போல.

போன மாதம் மகளைத் திருச்சியில் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போயிருந்தோம். அவள் எடுத்திருப்பது புள்ளியியல். நான் சொல்லி எடுத்ததில்லை. விடுதி வாசலில் அவள் அத்தாவிடம் விடைபெற்றுக்கொண்டு, என்னிடம் வந்து, "அம்மா, ரெண்டு பேரும் அங்க சண்டை போடாம இருங்க" என்றாள். "ஒன் அத்தாகிட்டச் சொல்லு" என்றேன். திரும்பி வரும்போது பஸ் புதுக்கோட்டையைத் தாண்டியதும் அவர் தூங்கிவிட்டார். அறந்தாங்கியில் எழுப்பினேன். இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு கடையில் அவர் டீ குடித்தார், நான் சூடாகப் பால் வாங்கிக் குடித்தேன். ஊர் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சின்னவனுக்கு பன் வாங்கலாமா கேக் வாங்கலாமா என்று பேசிக்கொண்டு நின்றோம்.